கேட்க வந்தவர்களை நாம் என்ன செய்தோம்

எலெக்ட்ரானிக்ஸ் பழக வரும் புதியவர்களுக்கு நாம் உதவுகிறோம் என்று நம்மில் பெரும்பாலோர் மனதார நம்புகிறோம். அதில் பொய்யில்லை. யார் போன் செய்தாலும் எடுக்கிறோம். சென்னை ரிச்சி தெருவில் எந்தச் சந்துக்குள் போனால் என்ன கிடைக்கும் என்று வழி சொல்கிறோம். வேலை முடிந்து வீடு திரும்பி, சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் நாலு பேருக்குப் பதில் போட்டுவிடுகிறோம். ஆனாலும் வருஷா வருஷம் அதே கேள்விகள்தான் வருகின்றன. பிள்ளைகள் புதிது, போர்டு அதே போர்டு, தவறு அதே தவறு. இத்தனை காலம் நாம் சொன்ன பதில்களெல்லாம் எங்கே போயின? அடுத்து வருகிறவர் எடுத்துக்கொள்ளும்படி ஒன்றையாவது வைத்தோமா? பதில் சொன்னோம், தூங்கப் போனோம். மறுநாள் இன்னொருவர் அதையே கேட்டபோது, இதுகூடத் தெரியாமல் வந்துவிடுகிறார்களே என்று சலித்துக்கொண்டோம்.

ஜனவரி பிறந்தால் தவறாமல் வரும் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். கல்லூரிகளில் ப்ராஜெக்ட் பருவம் அது. "அண்ணா, ப்ளூடூத் கார் செஞ்சிருக்கேன். மோட்டார் ஓட ஆரம்பிச்சதும் போர்டு ஆஃப் ஆகி ஆகி வருது. கோடு கரெக்டாதான் இருக்கு. ப்ளீஸ்ணா." கூடவே ஒரு மங்கலான படம். ஆர்டுயினோ ஊனோ, சிவப்பு நிற எல்298என் மோட்டார் டிரைவர், மஞ்சள் கியர் மோட்டார் இரண்டு. அத்தனைக்கும் சேர்த்து ஒரே ஒரு 9 வோல்ட் பேட்டரி.

படத்தைப் பார்த்த மாத்திரத்தில் நம் எல்லோருக்கும் விடை தெரியும். அந்தச் சின்னச் செவ்வகப் பேட்டரி மல்டிமீட்டருக்கும் சிறிய ரேடியோவுக்கும் ஏற்றது. அதன் உள்தடை அதிகம். மோட்டார் கிளம்பும் நொடியில் இழுக்கிற கரண்டை அதனால் கொடுக்க முடியாது, வோல்டேஜ் சரிந்துவிடும். ஊனோவில் இருக்கிற ரெகுலேட்டருக்குள் 7 வோல்ட்டாவது வந்தால்தான் அது வெளியே ஒழுங்காக 5 வோல்ட் தரும். அது கிடைக்காதபோது மைக்ரோகன்ட்ரோலர் ரீசெட் ஆகிறது, மோட்டார் நிற்கிறது. சுமை போனதும் பேட்டரிக்கு மூச்சு வருகிறது, போர்டு எழுகிறது, மறுபடி மோட்டாரை ஓட்டப் பார்க்கிறது, மறுபடி விழுகிறது. எல்298என் பழைய வகை பைபோலார் டிரைவர். தன் பங்குக்கு சுமார் 2 வோல்ட்டை அது எடுத்துக்கொள்வதால், இருக்கிற கொஞ்சமும் மோட்டாருக்கு முழுதாகப் போய்ச் சேருவதில்லை. கோடு சரியாகத்தான் இருக்கிறது. அந்தப் பையன் சொன்னது உண்மை.

நாம் என்ன பதில் சொன்னோம்? ஒருவர் "பவர் சப்ளை ப்ராப்ளம்" என்று மூன்று சொல்லில் முடித்தார். இன்னொருவர், இந்தக் காலத்தில் யாராவது எல்298என் போடுவார்களா, மாஸ்ஃபெட் டிரைவர் வாங்கு என்றார். எந்த மாஸ்ஃபெட் டிரைவர் என்பதில் இரண்டு பெரியவர்களுக்குள் பேச்சு வளர்ந்தது. சிப் எண்களும் ஓம் கணக்குகளும் பறந்தன. நாலாமவர் "டேட்டாஷீட் படிச்சீங்களா?" என்றார். நாம் சொன்ன எதுவும் தவறில்லை. ஆனால் கேட்ட பையனுக்கு அடுத்து கையால் என்ன செய்ய வேண்டும் என்பது அதில் எங்கேயும் இல்லை. "ஓகே அண்ணா, தேங்க்ஸ்" என்று சொல்லிவிட்டுப் போனான். புரிந்ததா தம்பி என்று ஒருவரும் கேட்கவில்லை.

மல்டிமீட்டர் இருக்கிறதா என்று முதலில் கேட்டிருக்கலாம். டிசி 20 வோல்ட்டில் வை, கறுப்பு முனையை ஜி.என்.டி.யிலும் சிவப்பு முனையை 5 வோல்ட் பின்னிலும் பிடி, இப்போது மோட்டாரை ஓடவிடு, எண் எவ்வளவு இறங்குகிறது என்று சொல். ஒரு நிமிட வேலை. சாதாரண மீட்டர் மெதுவானது, சரிவின் முழு ஆழத்தையும் அது காட்டாது. ஆனால் 5 என்று நின்ற எண் ஆடிப்போவதைக் காட்டும், அது போதும். தன் கண்ணால் அதைப் பார்த்த பிள்ளைக்கு அதற்குப் பிறகு பவர் சப்ளை என்றால் என்ன என்று யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. மோட்டாருக்குத் தனியாக ஏ.ஏ. செல்கள், போர்டுக்குத் தனி சப்ளை, இரண்டின் கிரவுண்டும் ஒன்றாகச் சேர வேண்டும் என்று சொன்னால், ஏன் என்று அவனே கேட்பான். அந்த 'ஏன்' வருவதற்காகத்தானே நாம் இந்தப் பொழுதுபோக்கில் இருக்கிறோம்?

டேட்டாஷீட் படி என்பதை நாம் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறோம். நாமும் அப்படித்தான் கற்றோம் என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் நமக்கு ஒரு லேப் அசிஸ்டென்ட்டோ, கடைக்கார அண்ணாச்சியோ, சீனியரோ பக்கத்தில் உட்கார்ந்து எந்த அட்டவணையைப் பார்க்க வேண்டும் என்று விரல் வைத்துக் காட்டியிருப்பார்கள். அதை மறந்துவிட்டோம். ஊனோவில் இருக்கும் ஏ.டி.மெகா328பி சிப்பின் டேட்டாஷீட் சில நூறு பக்கம். ஒரு பின்னிலிருந்து எவ்வளவு கரண்ட் எடுக்கலாம் என்று தேடும் புதியவரின் கண்ணில் முதலில் படுவது 40 மில்லியாம்ப் என்ற எண். அது தாங்கும் எல்லை. அதை ஒட்டி ஓட்டினால் சிப் கெடும். ஓட்ட ஏற்ற அளவு 20 மில்லியாம்ப். இரண்டு எண்களும் வேறு வேறு பொருள் உடையவை என்பதும், உச்ச எல்லை அட்டவணையை வைத்து சர்க்யூட் போடக் கூடாது என்பதும் படிக்கச் சொன்ன நமக்குத் தெரியும். படிக்கப் போனவருக்கு எப்படித் தெரியும்? டேட்டாஷீட்டைக் கையில் கொடுத்தோம்; அதைப் படிக்கும் முறையைக் கொடுக்கவில்லை.

இன்னொரு கேள்வி, இது கம்ப்யூட்டர் பக்கத்தில் வருவது. போர்டில் புரோகிராம் ஏற மறுக்கிறது, திரையில் ஆரஞ்சு நிறத்தில் 'நாட் இன் சிங்க்' என்று ஒரு வரி பத்து முறை ஓடுகிறது. இதற்குக் காரணம் பல இருக்கலாம். விலை குறைந்த போர்டுகளில் யு.எஸ்.பி.க்கு சி.எச்.340 சிப் போட்டிருப்பார்கள், அதற்கு டிரைவர் வேண்டும். கேபிள் வெறும் சார்ஜ் போடும் கேபிளாக இருக்கலாம், உள்ளே டேட்டா ஒயரே இருக்காது. நானோ போர்டாக இருந்தால் மெனுவில் 'ஓல்ட் பூட்லோடர்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். ப்ளூடூத் மாட்யூலை 0, 1 பின்களில் செருகியிருந்தால், புரோகிராம் ஏறும் அதே பாதையை அது மறித்துக்கொண்டு நிற்கும். கழற்றிவிட்டு ஏற்றினால் ஏறிவிடும். நம்மிடம் கேட்டால் நம் ஒவ்வொருவருக்கும் கடைசியாக எது நடந்ததோ அதைச் சொல்கிறோம். ஒருவர் கேபிளை மாற்று என்பார், ஒருவர் டிரைவரைப் போடு என்பார், ஒருவர் போர்டு போச்சு, வேற வாங்கு என்பார். வாங்கியும் விடுகிறார்கள். நானோவின் விலை நமக்குச் சின்னது. விடுதியில் இருக்கும் மாணவிக்கு அது சில நாள் சாப்பாட்டுக் காசு.

இதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் கேட்க வேண்டியது, கம்ப்யூட்டரில் போர்ட் தெரிகிறதா என்பதுதான். தெரியவில்லை என்றால் கேபிளும் டிரைவரும். தெரிகிறது என்றால் போர்டு தேர்வு, பூட்லோடர், 0-1 பின்கள். நாலு வரி. நம்மில் நூறு பேருக்கு இது மனப்பாடம். அந்த நாலு வரியைத் தமிழில் எழுதி, இந்தா தம்பி என்று நீட்ட நம்மிடம் ஒரு தாள் இல்லை.

கேள்வி தீர்ந்த பிறகும் ஒரு கடமை இருக்கிறது. அதையும் நாம் செய்வதில்லை. "சரியாயிடுச்சு அண்ணா" என்ற செய்தி வந்ததும் நமக்கு நிம்மதி, ஒரு கும்பிடு போட்டு முடித்துக்கொள்கிறோம். எது சரி செய்தது? கேபிளா, கிரவுண்ட் ஒயரா, டிரை சால்டர் ஆகிப்போன ஒரு புள்ளியா? கேட்பதில்லை. பல நேரம் அந்தப் பிள்ளைக்கே தெரியாது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றியிருப்பான். பழையபடி ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்துப் பார், எதில் மறுபடி கெடுகிறது என்று சொல் என்று நாம் சொல்லியிருந்தால், அவன் அன்றைக்குப் பழுது பார்க்கக் கற்றிருப்பான். நமக்கும் அடுத்தவருக்குச் சொல்ல ஒரு உறுதியான பதில் கிடைத்திருக்கும்.

சின்னச் சின்ன விஷயங்களைச் சொல்லாமல் விட்டதும் ஒரு கணக்கு. சீலிங் ஃபேன் வேகத்தில் நாம் பேசுகிறபோது "ஒரு 104 போடு" என்கிறோம். தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைக்கு மின்தேக்கி தெரியும், மைக்ரோஃபாரட் தெரியும். 104 தெரியாது. 10க்குப் பின்னால் நாலு சுழியம், பிக்கோஃபாரட் கணக்கில். ஆக 1,00,000 பிக்கோஃபாரட், அதாவது 0.1 மைக்ரோஃபாரட். சொல்ல ஒரு மூச்சு. அதே போல பி.சி.547 டிரான்சிஸ்டரின் தட்டையான முகம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருந்தால் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். அதன் இடத்தில் பி.என்.2222 வைத்தால் வரிசை தலைகீழ்: எமிட்டர், பேஸ், கலெக்டர். அதற்கும் மேல் பி.2என்.2222 என்று ஒன்று விற்கிறார்கள், அது மறுபடி பி.சி.547 வரிசையிலேயே வரும். பெயரில் ஒரு '2' கூடியதால் கால்கள் மாறிப்போகும் இந்தக் கூத்தில் நம்மில் பலர் ஒரு சாயங்காலத்தையாவது தொலைத்திருப்போம். தொலைத்ததை எழுதி வைத்திருந்தால் பின்னால் வருகிறவர் தொலைக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவில் ஃபாரஸ்ட் மிம்ஸ் என்பவர் 1983இல் ரேடியோ ஷாக் கடைகளுக்காக ஒரு தொடக்கநிலைப் புத்தகம் எழுதினார். எழுதினார் என்றால் கையாலேயே எழுதினார். எழுத்தும் படமும் அவர் கைப்பட, பக்கம் பக்கமாக. எலக்ட்ரானிலிருந்து தொடங்கி, டையோடு, டிரான்சிஸ்டர், ஐ.சி. வரை, சர்க்யூட்டுகளோடு. கடைக்கு ரெசிஸ்டர் வாங்க வந்தவர்கள் அதையும் வாங்கிப் போனார்கள். இன்று ஐம்பதைத் தாண்டிய அமெரிக்கப் பொறியாளர்கள் பலர் தங்கள் தொடக்கம் அந்தப் புத்தகம் என்று சொல்கிறார்கள். இத்தனைக்கும் மிம்ஸ் முறையாக எலெக்ட்ரானிக்ஸ் பட்டம் படித்தவர் அல்லர். தெரிந்ததைத் தெரியாதவர் கண்ணால் பார்க்கும் பொறுமை அவரிடம் இருந்தது. நம்மில் எம்.இ. முடித்தவர்கள் இருக்கிறோம், முப்பது வருஷம் சர்வீஸ் சென்டரில் உட்கார்ந்தவர்கள் இருக்கிறோம், அழகாகப் படம் போடுகிறவர்களும் இருக்கிறோம். கட்டற்ற மென்பொருள் நண்பர்கள் கணியம் என்ற பெயரில் 2012 முதல் தமிழில் தங்கள் துறையை எழுதித் தள்ளுகிறார்கள். சால்டரிங் அயர்ன் பிடித்த நாம் அந்த உழைப்பில் கால் பங்கு காட்டியிருக்கிறோமா?

ஹாம் ரேடியோக்காரர்களிடமும் நாம் பார்க்க ஒன்று இருக்கிறது. புதிதாக வருகிறவரை ஒரு மூத்தவர் தன் பொறுப்பில் எடுத்து, பரீட்சைக்குத் தயார் செய்து, ஏரியல் கட்டக் கூட நின்று, முதல் முறை காற்றில் பேசும் வரை விடாமல் இருப்பார். அப்படிப்பட்டவரை அவர்கள் 'எல்மர்' என்பார்கள், 1971இல் க்யூ.எஸ்.டி. இதழில் எல்மர் என்ற ஒரு மூத்த ஹாமைப் பற்றி வந்த பத்தியிலிருந்து தொடங்கிய வழக்கம். ஒருவருக்கு ஒருவர் என்பது அதன் பலம். நம்மிடம் எல்லோரும் எல்லோருக்கும் பதில் சொல்கிறோம். ஆகவே எவரும் எவருக்கும் பொறுப்பில்லை. பத்துப் பேர் பார்த்த கேள்விக்கு ஒன்பது பேர் இன்னொருவர் சொல்வார் என்று விட்டுவிடுகிறோம், பத்தாமவர் பஸ்ஸில் இருக்கிறார்.

நாம் விட்ட இடம் காலியாக இருக்கவில்லை. ப்ராஜெக்ட் சென்டர்கள் வந்து உட்கார்ந்தன. பொறியியல் கல்லூரி இருக்கும் ஊரிலெல்லாம் மாடிப்படிக்கு மேலே பலகை தொங்குகிறது. பணம் கொடுத்தால் செய்து முடித்த ப்ராஜெக்டும், அச்சடித்த ரிப்போர்ட்டும், வைவாவில் சொல்ல வேண்டிய பதில்களும் கிடைக்கும். மாணவர்களைச் சோம்பேறிகள் என்று திட்டுவது எளிது. நாம் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். அந்த மாடிப்படி ஏறியவர்களில் பலர் முதலில் நம்மிடம் வந்தவர்கள். ஒரு வாரம் போராடியிருக்கிறார்கள். இரண்டு முறை கேட்டிருக்கிறார்கள். மூன்றாம் முறை கேட்கக் கூச்சம். ரிவ்யூ தேதி நெருங்குகிறது, அப்பாவிடம் பணம் கேட்கிறார்கள். ஒரு பெண் தானே சால்டர் செய்து, எல்.இ.டி. எரிவதைப் பார்த்துத் துள்ளியிருக்க வேண்டிய வருஷத்தில், யாரோ செய்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் மேஜையில் வைத்தாள். அந்த இழப்பில் நமக்குப் பங்கு உண்டு.

பள்ளிகளிலும் இதே கதை வேறு வடிவில். மத்திய அரசின் அடல் டிங்கரிங் லேப் திட்டம் 2016இல் வந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரையிலான பிள்ளைகளுக்கு, பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை மானியம். போர்டும் சென்சாரும் 3டி பிரிண்டரும் பள்ளிக்குள் வந்தன. அறிவியல் ஆசிரியை அதைத் தன் பாட வேளைகளுக்கு நடுவில் தனியாகச் சுமக்கிறார். நாம் அந்தப் பள்ளிக்கு எதிரிலேயே குடியிருக்கிறோம். மாதம் ஒரு சனிக்கிழமை வருகிறேன் டீச்சர் என்று போய்ச் சொல்ல நமக்குத் தோன்றவில்லை.

இவையெல்லாம் நேரத்தையும் காசையும் ஆர்வத்தையும் தின்ற அலட்சியங்கள். ஒன்று மட்டும் உயிரோடு சம்பந்தப்பட்டது.

வீட்டு மின்சாரத்தைத் தொடும் கேள்விகள் வரும்போது நாம் "ஏசி பக்கம் போகாதே" என்று சொல்லி ஒதுங்குகிறோம். பாதுகாப்பாகப் பேசிவிட்டதாக நினைக்கிறோம். பிள்ளை போகாமல் இருப்பதில்லை. ஹோம் ஆட்டோமேஷன்தான் ப்ராஜெக்ட் தலைப்பு, ரிலேயில் பல்பு எரிந்தாக வேண்டும். நம்மிடம் கேட்டால் திட்டு விழும் என்று தெரிந்ததால், கேட்காமல் செய்கிறது. ரிலே மாட்யூலின் அடிப்பக்கத்தில் 230 வோல்ட் ஓடும் புள்ளிகள் திறந்து கிடக்கும், அதை ஈரமான மேஜையில் அப்படியே வைக்கக் கூடாது என்று யார் சொன்னது? ரிலே ஃபேஸைத் துண்டிக்க வேண்டும், நியூட்ரலைத் துண்டித்தால் பல்பு அணைந்தும் ஹோல்டரில் ஷாக் இருக்கும் என்று? பிரெட்போர்டில் மெயின்ஸ் ஒருபோதும் வரக் கூடாது என்று? பழைய எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் திறந்தால், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் பெரிய கண்டென்சரில் 325 வோல்ட் வரை தங்கியிருக்கலாம் என்று?

இன்னும் மோசம், டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத 5 வோல்ட் சப்ளை. ஒரு கெப்பாசிட்டர், பிரிட்ஜ், ஜீனர், அவ்வளவுதான், செலவு கொஞ்சம் என்று கைக்குக் கை மாறும் சர்க்யூட். மீட்டரில் 5 வோல்ட் என்றுதான் காட்டும். ஆனால் அது மெயின்ஸிலிருந்து பிரிக்கப்படவே இல்லை. பிளக் எந்தப் பக்கம் செருகப்பட்டது என்பதைப் பொறுத்து அந்த 'கிரவுண்ட்' ஒயரே ஃபேஸாக இருக்கலாம். அதில் ஓடும் போர்டைத் தொட்டால் ஷாக், அதோடு யு.எஸ்.பி. கேபிளைச் செருகினால் லேப்டாப்பின் வழியாகவும் ஷாக். மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள், யார் கையும் படாத எல்.இ.டி. பல்பில் அது இருக்கலாம். பழகும் மேஜையில் அதற்கு இடமில்லை. நம் கண் முன்னால் இந்த சர்க்யூட்டை ஒருவர் இன்னொருவருக்குக் கொடுத்தபோது, நமக்கென்ன என்று பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறோம். தடுத்துச் சொன்னால் வாக்குவாதம் வரும், நேரம் போகும் என்று பேசாமல் இருந்தோம். கேள்விக்குச் சலித்துக்கொண்டதை மன்னிக்கலாம். இந்த மௌனத்துக்கு மன்னிப்பு கேட்கும் தகுதியாவது நமக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை.

ஆகவே இந்த ஆண்டு ப்ராஜெக்ட் பருவம் தொடங்குவதற்குள், ஆளுக்கு ஒரு பக்கம். 9 வோல்ட் பேட்டரியும் மோட்டாரும் ஒருவர். புரோகிராம் ஏறாத போர்டு ஒருவர். டிரான்சிஸ்டர் கால்களும் கண்டென்சர் எண்களும் ஒருவர். கையால் எழுதினாலும் போதும், படம் போன் கேமராவில் எடுத்தாலும் போதும். முதலில் மீட்டரை எங்கே வைக்க வேண்டும் என்பது ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கட்டும். கேட்க வருகிற ஒவ்வொரு பிள்ளையையும் யாராவது ஒருவர் பெயர் சொல்லிப் பொறுப்பில் எடுக்கட்டும், ரிவ்யூ முடியும் வரை. 230 வோல்ட் பக்கத்தை மட்டும் நாம் தனியாக எழுத வேண்டாம். படக்குழாய் டி.வி. காலத்திலிருந்து திறந்த சேஸிஸில் கை வைத்துப் பழகிய மெக்கானிக் அண்ணன்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை உட்கார வைத்து, அவர் சொல்லச் சொல்ல எழுதி, எழுதியதை முதலாமாண்டு மாணவி ஒருத்தியிடம் கொடுத்து, படித்துக்கொண்டே அவள் எந்த வரியில் நிற்கிறாள் என்று பார்த்து, அந்த வரியைத் திருத்த வேண்டும்.